அரைக் கட்டை மேலே

"உன் மேடையில வேற யாரையும் சேர்த்துக்கவே மாட்டியா, ஹென்ரிகே?"

"மாட்டேன். பல் விளக்குற பிரஷ்ஷும் தட்டு சுத்துற டர்ன்டேபிளும் ஆளுக்கு ஒண்ணு."

"அதுவும் சரிதான்" என்று அன்றைக்குச் சிரித்து வைத்தான் தீலோ. நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு அந்த இரண்டு டிஜேக்களும் பெர்லினில் ஒரே வீட்டுக்குக் குடிவந்து, ஒரே அலமாரியில் இசைத்தட்டுகளை அடுக்கி, ஒரே பூனையைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தும் வைத்திருந்தார்கள். அவள் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு தட்டாக மாறி மாறிப் போட வேண்டும் என்ற ஆசையை மட்டும் அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் முடியாது என்றுவிட்டால், அந்த அலமாரியைத் தினமும் எப்படிப் பார்ப்பது?

அந்த ஞாயிறு மதியம் கால்வாய்க்கரைத் தோட்டத்தில் நடந்த நடன விழாவில் முதலில் அவன் முறை, அடுத்து அவள். முடிப்பவரின் கடைசித் தட்டு ஓடும்போதே வருகிறவர் தன் தட்டை அதில் கலந்துவிட்டு, பழையதன் ஒலியை இறக்க வேண்டும். ஹென்ரிகே வந்தாள். அவனுடைய தட்டின் உறையில் ஒட்டியிருந்த சுருதிச் சீட்டைப் பார்த்து, அதே சுருதியில் ஒன்றை உருவினாள்.

ஹெட்போனைச் சுருட்டிக்கொண்டிருந்த தீலோவுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டம் ஆடிய ஆட்டத்தில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போயிருந்தான். தட்டு வேகமாகச் சுற்றினால் தாளம் மட்டுமா ஏறும்? சுருதியும் அல்லவா ஏறும்! சீட்டில் எழுதியதைவிட முழுசாக அரைக் கட்டை மேலே நின்றது பாட்டு.

"நில்லு! அந்தச் சீட்டை நம்பாத!"

"கேட்டுட்டேன்டா" என்றாள், ஒரு காதில் ஹெட்போனோடு. "பாட்டா போட்ட, ராக்கெட்டா விட்ட?"

"மன்னிச்சிடு. தட்டுல இன்னும் மூணே நிமிஷம்தான் இருக்கு."

"வாயை மூடிக்கிட்டுப் பையைப் பிடி."

ஓடுகிற சுருதியை முணுமுணுத்தபடி பையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எந்தச் சீட்டையும் பார்க்கவில்லை. ஒன்றை எடுத்துச் சுழலவிட்டு, அதன் விளிம்பை விரல் நுனியால் ஒரு கணம் தொட்டு விட்டாள். பிறகு ஒலியை மெல்ல ஏற்றினாள்.

இரண்டு முரசுகள் ஒன்றாயின. தீலோவின் தட்டில் தனியாக முனகிக்கொண்டிருந்த ஆர்கன் மேல், அவள் தட்டிலிருந்து சொற்களே இல்லாத பெண் குரல்கள் வந்து அமர்ந்தன. வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் செய்த பாட்டுகள். இரண்டிலுமே இல்லாத மூன்றாவது பாட்டு ஒன்று அந்த வெயிலில் எழுந்து நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஆட்டுவதையே மறந்துவிட்டார். தீலோவுக்குப் புல்லரித்தது. தன் தட்டுக்குள் இவ்வளவு அழகு இருந்ததா?

இப்போது அவள் அவனுடையதை இறக்கிவிடுவாள் என்று காத்திருந்தான். அவள் கை அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கடைசிச் சுற்று வரைக்கும் அதைத் தன் பாட்டோடு சரிசமமாக ஓடவிட்டாள். அது முடிந்த பிறகும் காலியான அந்த டர்ன்டேபிளில் புதிதாக எதையும் வைக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீலோ சுருட்டிய ஹெட்போனை மறுபடி பிரித்தான்.

"ஹென்ரிகே, அடுத்த தட்டை நான் போடட்டுமா? அதுக்கடுத்தது நீ. இன்னைக்கு மட்டும் இல்ல… இனிமே எப்பவுமே ரெண்டு பேரும் சேர்ந்து?"