உள்ளே மடித்த தையல்

நளீரா சோற்றைக் கைவிட்டு மூன்று மாதமாகிறது. கீட்டோ என்ற உணவுமுறையைப் பற்றி யூடியூபில் கேட்ட அன்றே அரிசிப் பானையை மூடியவள். காலையில் பட்டரில் பொரித்த முட்டை, பகலில் இறைச்சியும் கீரையும், இரவில் மறுபடி முட்டை. முதல் வாரம் தலையிடி உயிரை வாங்கியது. பிறகு பழகிவிட்டது. பதினொரு கிலோ குறைந்து, வீட்டுப் படியேறும்போது மூச்சு வாங்குவதும் நின்றுபோனதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த சல்வார்களையெல்லாம் தையல்கார முஷ்ரிபாவிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்கச் சொன்னாள். கணவனை இழந்து ஒரு மகளோடு இருப்பவள் முஷ்ரிபா. ஏன் இப்படி மெலிகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை, நளீராவும் சொல்லவில்லை.

பதுளையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இருவரும் ஒரே சஹனில் உட்கார நேர்ந்தது. ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டு. நெய்ச்சோறு, அதன்மேல் ஆளுக்கொரு துண்டு பொரித்த கோழி, நடுவில் மாட்டிறைச்சி. ஒரே தட்டுக்குள் ஆறு கை போகிற இடத்தில் யார் எதைத் தின்கிறார்கள் என்பது மறையுமா? நளீரா தன் கோழியை முடித்து, இறைச்சியில் பாதியையும் முடித்திருந்தாள். அவள் பக்கத்துச் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

"என்ன ராத்தா, சோத்துல கை வெக்காம கறியவே தேடுறீங்க?" என்றாள் எதிரே இருந்த ஜெனீரா.

எல்லாக் கைகளும் ஒரு கணம் நின்றன. மெலிய ஆசைப்பட்டேன் என்று சொல்ல நளீராவுக்கு நாக்கூசியது.

"எனக்கு சொகமில்ல. சோறே தின்ன வாணாண்டு டொக்டர் செல்லீக்கார். இறைச்சிதான் மருந்து."

எந்த டொக்டரையும் அவள் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் யூடியூபில் பேசியதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

முஷ்ரிபாவின் முகம் வாடிப்போனது. "அதான் உடுப்பெல்லாம் புடிக்கத் தந்தீங்களா? எனக்கு வெளங்கல்லயே ராத்தா." தட்டின் ஓரத்தில் தொடாமல் வைத்திருந்த தன் கோழித் துண்டை நளீராவின் பக்கம் தள்ளினாள். "இதையும் தின்னுங்க."

நளீரா பேச்சுக்கு ஒருமுறை வேண்டாம் என்றாள். பிறகு தின்றாள். ருசியாகத்தான் இருந்தது.

கை கழுவப் படிக்கம் வந்தபோது, முஷ்ரிபா மடித்து வைத்திருந்த சொப்பிங் பேக்கை விரித்து மிஞ்சிய சோற்றை அள்ளிப் போட்டாள்.

"கோழி எங்க? மகளுக்குண்டு ஒதுக்கி வெச்சீங்களே," என்றாள் ஜெனீரா.

"பரவாயில்ல. சொகமில்லாத வருத்தக்காரங்களுக்குக் குடுத்தா மகள் ஒண்ணும் செல்ல மாட்டா."

நளீராவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. படிக்கத்தில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கடைசி இனிப்பாக வட்டிலாப்பம் வந்தது, அப்போதும் அவள் தலை நிமிரவில்லை.

ஒரு வாரம் கழித்து, தைத்த உடுப்பை எடுக்க ஸ்பிரிங்வெளி ரோட்டில் இருந்த முஷ்ரிபாவின் வீட்டுக்குப் போனாள். ஒரு முழுக்கோழியைப் பொரித்து எடுத்துக்கொண்டாள். தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். கதவைத் திறந்தது மகள் ரிஸ்கா. வாசனை வீசிய பார்சலை அவள் பார்க்கவே இல்லை, நளீராவையே பார்த்தாள்.

"மாமி, இப்ப சொகமா? நான் ஒவ்வொரு தொழுகைக்கும் ஒங்களுக்கு துஆ கேக்கிறன்."

நளீரா பார்சலை அவள் கையில் கொடுத்தாள். அதற்குள் முஷ்ரிபா சல்வாரோடு வந்து, அதன் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே மடிந்திருந்தது.

"வெட்டல்ல ராத்தா, மடிச்சித்தான் தெச்சீக்கன். சொகமாகி ஒடம்பு வந்தா பிரிச்சி உடலாம்."

நளீரா அந்தத் தையலைப் பார்த்தாள். இனியும் பேசாமல் இருந்தால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"முஷ்ரிபா, எனக்கு நோய் வருத்தம் ஒண்ணுமில்ல."

முஷ்ரிபாவின் கண்கள் கலங்கின.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். "கேட்டியா ரிஸ்கா? ஒன்ட துஆவ அல்லாஹ் ஏத்துக்கிட்டான்."

சிறுமி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின், நோயே வந்ததில்லை என்ற மிச்சத்தை நளீரா சொல்லாமல் விட்டாள். சல்வாரை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள்.