இன்வெர்ட்டருக்குப் பட்டு

"ஃபேன் சுத்தினா மிஷின் உசுரோட இருக்குதுன்னு அர்த்தம் சார். நின்னாதான் பயப்படணும்" என்றான் இன்வெர்ட்டர் மாட்டிய அன்பரசு போனில்.

கிரண் போனைத் துண்டித்தான். ஆஸ்பத்திரியில் ஸ்வர்ணலதாவின் கட்டிலருகே நின்ற நர்ஸும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாள். மிஷின் கடைசிவரை ஓடியது. நின்றது இவன் மனைவியின் மூச்சு.

டெங்கு. எட்டு மாதம் ஆகிறது.

பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்து, கட்டில், அடுப்பு, சின்ன ஏ.சி., அதை ஓட்ட இன்வெர்ட்டர், கூரைமேல் சோலார் தகடு என்று புருஷனும் பெண்டாட்டியுமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த கேரவன் அது. இமயமலை வரை போவதாகப் பேச்சு. கண்ணமங்கலம் வரை ஒருமுறை போய்த் திரும்பியதோடு சரி. இப்போது வீட்டு வாசலை ஒட்டி நின்றது. வீட்டுக்குள் கிரணுக்குத் தூக்கம் வருவதில்லை. படுக்கையறைக் கதவைத் தொடுவதையே விட்டுவிட்டான். வண்டியில் படுத்தால் மட்டும் கண் மூடும். அந்த ஒரு இடத்தையும் இன்வெர்ட்டரின் ஃபேன் பிடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கொசு பறப்பதுபோலத்தான் இருந்தது. போன மாதம் மிக்ஸி. இந்த வாரம் ஊளை. எதிர்வீட்டுத் தசரதன் தறியை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாபா கிரண், உன் வண்டி ஊருக்குப் போவணும்னு அழுதுகினு கீதா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கிரண் சிரிக்கவில்லை. மறுபடியும் அன்பரசுக்குப் போன் போட்டான்.

"மதியத்துக்குள்ள வந்து கழட்டு. வரலைன்னா நானே பிச்சுத் தெருவுல போடுவேன்."

"கழட்டினா ஏ.சி. ஓடாதே சார். சித்திரை வெயில்ல தகரத்துக்குள்ள வெந்துருவீங்க."

"வேகறேன். உனக்கென்ன?"

அன்பரசு வந்தபோது கிரணின் மாமியார் கிருஷ்ணம்மாளும் வண்டியில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் முள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறி, அடுக்குக் கேரியரில் சோறு கொண்டுவருவாள். வண்டியைப் பெருக்கித் துடைப்பாள். பாதி கேரியர் தொடாமலே திரும்பிப் போகும். இருவருக்கும் பேச்சு அதிகமில்லை.

"போன ஆடியில போட்டது சார். அப்ப மேடம் கூட காது வச்சுக் கேட்டு, நல்லாருக்குதுன்னாங்க" என்றான் அன்பரசு, டூல்ஸ் பையை இறக்கியபடி.

"அவங்க பேச்சை எடுக்காத. மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டு ஓடிட்ட நீ."

"சார், மரியாதையா பேசுங்க. நானும் இதே ஊருதான்."

"ஊரைச் சொல்லியே எல்லாரையும் ஏமாத்துற!"

தெருவில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. அன்பரசு முகம் சிவந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்தான். இன்வெர்ட்டர் அங்கே ஒரு பெட்டிக்குள் இருந்தது. கிரண் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை. ஸ்வர்ணலதா இமயமலைக்கு எடுத்துவைத்த பையும் அதற்குள்தான் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் இருப்பா" என்றாள் கிருஷ்ணம்மாள். யாரும் கேட்கவில்லை.

பெட்டியின் கதவு திறந்ததும் அடுப்பங்கரைபோல் அனல் அடித்தது. அன்பரசு ஒரு பெட்ஷீட்டை இழுத்தான். அதற்கடியில் பழைய கம்பளி ஒன்று. அதையும் இழுத்தான். கம்பளிக்கு அடியில் கத்தரிப்பூ நிறத்தில் பட்டு. ஜரிகைக் கரை முன்பக்கம் வரும்படி மடித்து, மிஷினைச் சுற்றி, நூல் கட்டி முடிந்திருந்தது.

அன்பரசு குந்தியவாறே சத்தம் போட்டுச் சிரித்தான்.

"இன்னா சார், மிஷினுக்குப் பட்டுப்புடவை கட்டி வச்சிருக்கீங்க! கல்யாணமா?"

கிரண் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அன்பரசின் தலை கட்டில் பலகையில் இடித்தது.

"உடுங்க மாப்ள! நான்தான் கட்டினேன்."

கிரண் காலரை விட்டான்.

"தறியில எங்கன்னா சத்தம் ஜாஸ்தியானா துணி சுத்துவோம், அடங்கிடும்" என்றாள் கிருஷ்ணம்மாள். "இதுக்கும் பெட்ஷீட்டைச் சுத்தினேன். அடுத்த வாரம் வந்தா இன்னும் கத்திகினு இருந்திச்சு. கம்பளி போட்டேன். அதுக்கும் அடங்கல. பட்டுன்னா அடங்குமோன்னு…"

"அம்மா, காத்து போற வழியை அடைச்சா சூடு ஏறும். சூடு ஏறினா ஃபேன் இன்னும் வேகமாத்தான் சுத்தும்" என்றான் அன்பரசு தலையைத் தடவிக்கொண்டே. "என்னைத் தெருவுல திருடனாக்கிட்டீங்க."

நூலை அறுத்தான். புடவையை உருவிக் கட்டில்மேல் எறிந்தான். ஊளை கொஞ்ச நேரம் நீடித்து, முனகலாகி, பழைய கொசு ரீங்காரத்துக்கு இறங்கியது. "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

கிரண் மாமியார் பக்கம் திரும்பினான். இன்னும் கோபம் தீரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? வண்டி பத்திக்கினு எரிஞ்சிருந்தா?"

"சொன்னா உட்ருப்பீங்களா நீங்க?" அவளுக்கும் குரல் ஏறியது. "எட்டு மாசமா வந்துகினு போறேன். சாப்பிட்டீங்களான்னா பதில் இல்ல, தூங்கினீங்களான்னா பதில் இல்ல. ஒரே ஒருநாள் வாயைத் தொறந்து, ஃபேன் சத்தம் பேஜாரா கீது அத்தேன்னீங்க. நீங்க எங்கிட்ட சொன்னதே அது ஒண்ணுதான். அதையாவது செய்யலாம்னு பார்த்தேன்."

"அதுக்கு இந்தப் புடவையா?"

"லதாவுக்குன்னு தறியில ஏத்தின பாவு. அவ போனப்ப பாதி நெய்ஞ்சிருந்தேன். அறுத்து எடுத்துட்டேன். யாருக்குக் குடுக்கறது அதை?"

கிரண் புடவையைக் கையில் எடுத்தான். யாரோ இப்போதுதான் அவிழ்த்து வைத்ததுபோல் சூடாக இருந்தது. அதை ஸ்வர்ணலதா ஒருமுறைகூடக் கட்டியதில்லை என்பது தெரிந்தும், கீழே வைக்க முடியவில்லை.

ஏ.சி. கரண்ட் இழுக்கத் தொடங்கியது. இன்வெர்ட்டர் ஃபேன் மெல்ல வேகம் பிடித்தது. கிருஷ்ணம்மாளின் கை தன்னையறியாமல் பெட்ஷீட்டுக்குப் போயிற்று.

"மூடாதீங்கத்தே!" கத்தியேவிட்டான். அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"சத்தம் வருதே மாப்ள."

"வரட்டும்."

புடவையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். கேரியரை முரட்டுத்தனமாக இழுத்து, முதல் அடுக்கைத் திறந்தான்.