இருவர் வாசித்த புல்புல்தாரா

மாடியில் பெரியவள், கீழே சின்னவள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். ஊர் கண்ணுக்கு ஒற்றுமையான ஓரகத்திகள். உள்ளுக்குள் பல வருஷமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. "கேஸ்காரர் வந்திருக்கார்", "தண்ணி நிக்கப் போகுது" என்று படிக்கட்டைப் பார்த்துச் சொல்வதோடு சரி.

எல்லாம் ஒரு புல்புல்தாராவால் வந்தது.

பெரியவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். கல்யாணமான புதிதில், பழைய சாமான் கடை ஒன்றில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். மடியில் வைக்கிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி. நீளவாக்கில் கம்பிகள். கம்பிகளுக்கு மேலே வரிசையாகக் கட்டைகள், அச்சு அசல் டைப்ரைட்டர் மாதிரி. இடது கை கட்டையை அழுத்த, வலது கை சின்னத் தகட்டால் கம்பியை மீட்ட வேண்டும்.

"டைப்ரைட்டரைப் பார்த்து வந்த யோசனைதாம்மா இது," என்றார் கடைக்காரர். "ஜப்பான்காரர் ஒருத்தர் செஞ்சாராம். அது கப்பலேறி இந்தியாவுக்கு வந்துது. நம்ம பாட்டுக்குத் தகுந்த மாதிரி மாறி, புல்புல்னு குருவி பேரையும் வாங்கிக்கிச்சு."

"அப்போ இது எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி!" என்றாள் பெரியவள். பஸ் டிரைவரான அவள் புருஷன் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார்.

அவளாகவே தட்டித் தட்டிப் பழகினாள். சினிமாப் பாட்டெல்லாம் விரலுக்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சின்னவளுக்குக் குழந்தை பிறந்தது. ராப்பகலாக அழுகிற குழந்தை. ஒரு மத்தியானம் அது அப்போதுதான் கண்ணை மூடியிருந்தது. மாடியில் பாட்டு ஆரம்பித்தது. சின்னவள் படிக்கட்டில் நின்று கத்தினாள்: "அந்தத் தகர டப்பாவைக் கொஞ்சம் மூடி வைக்கிறீங்களா?"

மாடியில் ஆபீஸ் தோழிகள் வந்திருந்தார்கள். பாட்டு பாதியில் நின்றது. பெட்டி பீரோ மேலே போனது. குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்கென்று வெளியூர் போன பிறகும் அது கீழே இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் பெரியவள் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. வலது கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. கைதான் மரக்கட்டை மாதிரி மடியில் கிடந்தது.

டிரைவர் காலை ஷிப்டுக்குப் போயாக வேண்டும். சின்னவள் கேட்காமலே சோற்றுத் தட்டோடு மாடியேறினாள்.

"சாப்பிடுங்கக்கா."

"வெச்சிட்டுப் போ."

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். பெரியவள் அதை இடது கையால் ஜன்னல் வழியே வீசினாள். பந்து கீழே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த சின்னவளின் வாசலில் விழுந்தது. அவள் அதைத் துடைத்து மாடியில் கொண்டுவந்து வைத்தாள். மறுநாளும் விழுந்தது.

"இந்தக் கைக்குப் பிடிச்ச வேலை ஏதாவது இருக்கா?" என்று பிசியோதெரபிப் பெண் கேட்டாள்.

பெரியவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். டிரைவர்தான் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினார். தூசி தட்டி, துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிப் புதுசு மாட்டி, மனைவி முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

கீழே சின்னவள் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மாடியில் டக், டக்கென்று சத்தம். பல்லியா, எலியா என்று காது கொடுத்தாள். இல்லை, அதில் ஒரு தாளம் இருந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு மேலே போனாள்.

பெரியவள் இடது கையால் கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தாள். மீட்ட ஆளில்லாததால் கட்டைச் சத்தம் மட்டும் வந்தது. கன்னமெல்லாம் ஈரம்.

சின்னவள் எதிரே உட்கார்ந்தாள். மீட்டும் தகட்டை எடுத்து, கம்பியில் ஒரு இழு இழுத்தாள். அறையே அதிர்ந்தது.

"நான் கட்டையை அழுத்தின பிறகு மீட்டு," என்றாள் பெரியவள்.

மீட்டினாள்.

"என்ன அவசரம்? பஸ்ஸா கிளம்பிடப் போகுது?"

"பஸ்ஸை ஓட்டுறதே உங்க வீட்டுக்காரர்தானே. எனக்காக நிறுத்த மாட்டாரா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணிய சிரிப்பு. வந்த பிறகு அடக்க முடியவில்லை. அன்றைக்கு ஒரு பாட்டின் முதல் அடி, நொண்டி நொண்டி, முடிவு வரை வந்தது.

அதன் பிறகு மத்தியானம் ஆனால் சின்னவள் மாடிக்குப் போய்விடுவாள். தைக்கக் கொடுத்தவர்கள் கீழே கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மாடிக்கே வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் கம்பியை மீட்டிக்கொண்டே சின்னவள் சொன்னாள்: "அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுக்கா. தூக்கமில்லாம பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்தேன்."

"நான் கீழே வந்து குழந்தையைத் தூக்கியிருக்கணும். உனக்கு ஒரு மணி நேரம் தூக்கம் கெடைச்சிருக்கும்," என்றாள் பெரியவள். "அது எனக்குத் தோணவே இல்ல. ரோஷம்தான் முதல்ல வந்துது. சரி, மீட்டு. தாளம் போகுது."

வலது கைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. தகட்டைப் பிடிக்கிற வலு விரலுக்கு இல்லை. சின்னவள் இரண்டு நாள் யோசித்து, எலாஸ்டிக் வைத்து ஒரு துணிப்பட்டை தைத்தாள். உள்ளங்கையைச் சுற்றிக் கட்டினால் தகடு தானாக விரலோடு நிற்கும். முதல் பட்டை இறுக்கிப் பிடித்தது. அடுத்தது தொளதொளவென்று கழன்றது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது.

"இழுங்கக்கா."

தோள் அசைந்தது, கை அசையவில்லை. மறுநாளும் அப்படித்தான். பெரியவள் பட்டையைப் பிய்த்தெறியப் பார்த்தாள். சின்னவள் விடவில்லை. "நாலாவது தைக்க எனக்குப் பொறுமை இல்ல, சொல்லிட்டேன்."

ஒரு வாரம் கழித்து, பிசியோதெரபிப் பெண் பக்கத்தில் இருக்கும்போது, தகடு கம்பியில் பட்டது. லேசாக, பூனை உரசுகிற மாதிரி. ஆனால் சுருதிக் கம்பி ரீங்கரித்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது அடங்குகிற வரை கேட்டார்கள்.

"இன்னொரு தடவை," என்றாள் பிசியோதெரபிப் பெண்.

இன்னொரு தடவையும் பட்டது.

"இப்ப ஒண்ணு செய்யலாம். இடம் மாறி உட்காருங்க," என்றாள் அவள். "மீட்டுறது இவங்க வேலையா இருக்கட்டும். அந்தக் கை எவ்வளவு அசையுதோ அவ்வளவுக்கு நல்லது."

"எனக்குக் கட்டை ஒண்ணும் தெரியாதே!" என்று அலறினாள் சின்னவள்.

"எனக்கு மட்டும் இப்ப மீட்டத் தெரியுமா?" என்றாள் பெரியவள். "வா இந்தப் பக்கம்."

அன்று சாயங்காலம் டிரைவர் வேலை முடிந்து வந்தபோது மாடியிலிருந்து பாட்டு மாதிரி ஏதோ கேட்டது. ஒரு சுரம் வரும். அடுத்தது வருவதற்குள் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவிவிடலாம்.

"அந்தக் கட்டை இல்ல, அதுக்குப் பக்கத்துல!"

"நீங்க முதல்ல கம்பியைத் தொடுங்க, அப்புறம் என்னைத் திட்டலாம்!"

அவர் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய், மூவருக்குமாகக் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தார்.