கவிழ்ந்த டம்ளர்

ஆண்களுக்கான ஆயத்த ஆடைக் கடையில் மேற்பார்வையாளராக இருந்த அவரை, கடையில் எல்லோரும் 'மடிப்பு சார்' என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, சில நேரம் வாய் தவறி முகத்துக்கு நேராகவும். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கசங்காத சட்டையும் கண்ணியமான நடத்தையும் அவருக்கு இரண்டு கண்கள் மாதிரி. பெண்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். சாப்பாட்டு மேசையில் போனை நோண்டுகிறவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வரப்போகும் மருமகனை நினைத்தால் கவலையாக இருந்தது.

மகள் விரும்பிய பையன் கால்நடை மருத்துவன். முதல் தடவை அவரைப் பார்க்கக் கடைக்கு வந்தபோது கால்சட்டை முழுக்க நாய் முடி. சட்டையில் ஒரு பொத்தானைத் தாண்டி அடுத்ததைப் போட்டிருந்தான். கடைப் பையன்கள் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"படிப்பு, வேலை எல்லாம் சரிதாம்மா. நாலு பேர் இருக்கிற இடத்துல எப்படி நடந்துக்கணும்னு தெரியலையே," என்றார் மகளிடம்.

"அவரு மனுஷன்பா. உங்க கடை வாசல்ல நிக்கிற பொம்மை இல்ல."

மனைவி சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பையனும் அவன் அம்மாவும் வருவதாக ஏற்பாடு. அம்மா கல்லூரி முதல்வர். மடிப்பு சாருக்கு அன்று இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. முன்வரிசையில் இரண்டு பல் விழுந்து, அந்த இடத்தில் பல் மருத்துவர் கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்று கட்டிக்கொடுத்திருந்தார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது, மகளுக்குக்கூட. அந்தச் செட் கொஞ்ச நாளாக லேசாக ஆட ஆரம்பித்திருந்தது.

"இப்பவே போய் காட்டிட்டு வந்துருங்க," என்று மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

"விருந்து முடியட்டும்," என்று அவர்தான் தள்ளிப்போட்டார்.

பையனின் அம்மா சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். பையன் தாமதமாக வந்தான். ஒரு பூனைக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதாம். வந்தவன் மடிப்பு சாருக்குப் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அவர் பெருமூச்சை அடக்கிக்கொண்டார்.

மனைவி சூப் ஊற்றினாள். முதல்வர் அம்மா கல்லூரிக் கதை ஒன்றைச் சொல்ல, மடிப்பு சாருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

"எங்க கடைக்கு ஒருத்தர் வந்தாரு. இடுப்பு அளவு என்னங்கன்னு கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி உள்ளதா, பின்னாடி உள்ளதான்னு கேக்கறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் செட் கழன்று, துள்ளி, சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வெள்ளை விரிப்பின்மேல் விழுந்தது.

அவருக்கு உயிரே போய்விட்டது. வாயை இறுக்க மூடிக்கொண்டார். கை நகர மறுத்தது. முதல்வர் அம்மா குனிந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நொடியில் யாராவது பார்த்துவிடுவார்கள்.

பார்த்தவன் பையன்தான். மேசைமேல் இருந்த மகளின் போனை ஓரமாக நகர்த்தி வைத்தான். அடுத்த கணம் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. தண்ணீர் மேசைமேல் ஓடி அவன் மடியிலேயே கொட்டியது.

"ஐயோ, ஸாரி," என்று எழுந்து, கைத்துண்டை எடுத்து மேசையைத் துடைத்தான். ஒரே இழுப்பில் விரிப்பின்மேல் இருந்தது துண்டுக்குள் போய்விட்டது.

"இவன் எப்பவும் இப்படித்தாங்க," என்றார் அவன் அம்மா, முகம் சிவந்து. "சின்ன வயசுலேர்ந்து ஒரு டம்ளரை ஒழுங்கா வெச்சதில்ல. எருமை மாடு மாதிரி. அவங்க என்ன நினைப்பாங்க?"

"தெரியாம பட்டுருச்சும்மா," என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். மகளும் தன் பங்குக்கு முறைத்தாள்.

பரிந்து பேச மடிப்பு சாருக்கு நாக்குத் துடித்தது. ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். "ம்ம், ம்ம்," என்று தலையை மட்டும் பலமாக ஆட்டினார்.

"மாமா, நனைஞ்சுருச்சு. துணி மாத்த ரூம் காட்டறீங்களா?"

அறைக்குள் போனதும் மடித்த துண்டை அவர் கையில் கொடுத்தான். "இது உங்களுது, மாமா." அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் போய், தெருவில் ஏதோ அதிசயம் நடப்பதைப் போல வேடிக்கை பார்த்தபடி நின்றான். அவர் கழுவி, மாட்டி, கண்ணாடியில் சரிபார்த்துத் தொண்டையைச் செருமும்வரை திரும்பவே இல்லை.

"தம்பி, அது வந்து..."

"எது மாமா?"

முகத்தில் ஒன்றுமே தெரியாத பாவம். இப்படி ஒரு பொய்யை இவ்வளவு பதவிசாகச் சொல்கிறவனை அவர் பார்த்ததில்லை.

"உங்க அம்மாகிட்ட பேச்சு வாங்க வெச்சுட்டேனே."

"அது தினமும் வாங்கறதுதான். இன்னும் ரெண்டு டம்ளர் தாங்கும்."

மடிப்பு சார் சிரித்தார், இந்தத் தடவை கையால் வாயைப் பொத்திக்கொண்டு. மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. இந்தக் கையில் மகளைக் கொடுக்கலாம். அலமாரியைத் திறந்து, குண்டூசிகூட எடுக்காத புதுச் சட்டையையும் தன் நல்ல கால்சட்டையையும் கொடுத்தார். கால்சட்டை அவனுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அது அவர் கண்ணை உறுத்தவே இல்லை.

மேசைக்குத் திரும்பியதும் முதல்வர் அம்மா மறுபடி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"திட்டாதீங்கம்மா. பிள்ளைய நல்லா வளத்திருக்கீங்க," என்றார் மடிப்பு சார்.

அந்த அம்மா, கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தார்.

"நிஜமாத்தான் சொல்றேன். அடுத்த வாரம் நாங்க உங்க வீட்டுக்கு வர்றோம். மேற்கொண்டு ஆக வேண்டியதப் பேசிருவோம்." பிறகு மனைவி பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்குச் சூப் ஆறிருச்சு பாரு. சூடா ஊத்து," என்றார்.

மகளின் கையிலிருந்த ரொட்டிக் கத்தி அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் விழித்தாள். பையன் மட்டும் காது சிவக்கக் குனிந்துகொண்டு கிண்ணத்தை நீட்டினான். மடிப்பு சார் தன் கிண்ணத்தையும் நீட்டினார். நல்ல பசி அவருக்கு.