ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

"என்னம்மா, இன்னும் பிரிக்கலையா?" என்று மாமியார் கேட்டபோது மருமகளுக்கு முகம் சுண்டிப்போனது. மாத்திரை அட்டையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். பின்பக்கத் தாள் கிழியவில்லை. கட்டைவிரல் மூட்டில் வலி சுள்ளென்று ஏறியதுதான் மிச்சம்.

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை வேலை இது. மாமியாருக்கு முடக்குவாதம், பத்து விரலும் பத்துத் திசை பார்க்கும். வாரத்துக்கு ஒரே நாள், ஆறு மாத்திரை. அதைப் பிதுக்கி எடுக்க அவளால் ஆகாது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மருமகள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். மூன்று வருடம் முன்பு அதே நோய் மருமகளுக்கும் வந்தது. நோயிலாவது இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்களே என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். எறும்புத் தலை அளவு திருகாணியைக் கண் இமைக்காமல் சட்டத்தில் பூட்டுவாள். மாமியாரின் மாத்திரையே அவளுக்கும் கேட்டது. திங்கட்கிழமை முழுக்கக் குமட்டும், முடி கொட்டும், கல்லீரல் கெடாமல் இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். எல்லாம் போகட்டும், கை கையாக இருந்தது.

அப்புறம் வீட்டில் குழந்தைப் பேச்சு எழுந்தது. அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது, நிறுத்திவிட்டுச் சில மாதம் பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். கருவைக் கெடுக்காத வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கணவன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. "ஒரு மருந்தும் வேணாம். அம்மா எதையும் முழுங்காமத்தானே என்னைப் பெத்தாங்க" என்று முடித்துவிட்டான். மாமியார் வாயைத் திறக்கவில்லை. இன்னும் வராத குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று வீடே கவலைப்பட்டது. வந்து நிற்கும் இவளுக்கு என்ன ஆகும் என்று கேட்க ஆள் இல்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. குழந்தை வரவில்லை. கடையில் திருகாணிகள் கைநழுவி உருண்டன, வேலையும் போனது. வலது சுண்டுவிரல் வளைந்து நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் போனாள். கரு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரத்தமும் பார்த்துவிட்டு, வளைந்தது நிமிராது, மற்றதைக் காப்பாற்றலாம் என்றார். இனி மாற்று மருந்து போதாது, பழைய மாத்திரையே வேண்டும், நோய் அடங்கும்வரை குழந்தையைத் தள்ளிப்போட வேண்டும். குழந்தை ஆசை அவளுக்கும் இருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். இரண்டு நாள் யோசித்தாள்.

இப்போது அவள் அட்டையைக் கீழே வைத்தாள். கடையில் வைத்திருந்த சின்னத் திருப்புளியைப் பையிலிருந்து எடுத்தாள். பிடிக்க வரவில்லை என்று அதில் துணி சுற்றியிருந்தாள். அட்டையைக் கவிழ்த்து, தாளை ஒவ்வொன்றாகக் குத்திக் கிழித்தாள். மாமியாருக்கு ஆறு. பிறகு பையிலிருந்து இன்னோர் அட்டை வந்தது. அதிலும் ஆறு.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான்.

"அது யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

"அப்ப குழந்தை?"

"இப்போதைக்கு இல்லைங்க. முதல்ல என் கை."

அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லும்மா. மருந்தில்லாம நீ என்னைப் பெத்து வளர்க்கலையா?"

மாமியார் உள்ளங்கையிலிருந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெத்தேன். அப்பவும் இப்படித்தான் எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்க. வளர்த்தது உன் சித்தி. உன்னை ஒரு நாள் தூக்கி இடுப்புல வெச்சுக்க எனக்குக் கை இல்லடா."

அவன் பேப்பரை மடித்தான். மருமகள் தன் மாத்திரைகளை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாமியாருக்கு முப்பத்திரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் மருமகளுக்கு ஒரு விரல் போய்விட்டது.