மணல்திட்டில் நின்றவர்

பல் டாக்டருக்குக் கடல் என்றால் கொள்ளை ஆசை. அவள் கணவருக்கோ தண்ணீர் என்றாலே பயம். பெயிண்ட் கடை வைத்திருப்பவர், நீச்சல் தெரியாது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட அவள் தம்பிதான் ஒரு சொகுசுப் படகை வாடகைக்குப் பிடித்து, தீவு தீவாகச் சுற்றலாம் என்று இருவரையும் இழுத்து வந்திருந்தான். படகில் இவர்கள் மூவரும் கேப்டனும்தான்.

ஏறிய நாளிலிருந்து கடைக்காரர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. அந்த ஆரஞ்சுச் சட்டையோடுதான் சாப்பாடு, பேப்பர் படிப்பது எல்லாம்.

“மாமா, பல் தேய்க்கும்போதாவது கழட்டுங்க, நுரை படுது” என்று தம்பி கிண்டலடித்தால், அவர் சிரித்துவிட்டுப் பட்டையை இன்னும் இறுக்கிக்கொள்வார்.

அன்று ஒரு மணல்திட்டில் இறங்கினார்கள். மரம் மட்டை எதுவும் கிடையாது. கடல் நடுவே வெள்ளை மணல் மட்டும். ஆழம் போதாததால் படகு தூரத்தில் நின்றது. ரப்பர் போட்டில்தான் வந்து போக வேண்டும். தம்பி அவர்களைப் படமெடுக்க ஆசைப்பட்டான். கடைக்காரர் ஜாக்கெட்டோடு வந்து நின்றார்.

“போட்டோவுக்கும் இதுதானா? கழட்டித் தொலைங்களேன். உங்களோட எங்க போனாலும் எனக்கு மானம் போகுது.”

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. அவர் ஜாக்கெட்டைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, தண்ணீரில் இறங்கி ஆசை தீர நீந்தினாள். தம்பி சாமான்களை அள்ளிப்போட்டுக்கொண்டு, தானே போட்டை ஓட்டி முதல் நடையில் படகுக்குப் போனான்; அங்கே இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் யார் யார் ஏறினார்கள் என்று கவனிக்கவில்லை. இரண்டாம் நடைக்குக் கேப்டன் வந்தபோது அவள் மட்டும்தான் கரையில் நின்றாள்.

“சார் எங்கம்மா?”

ஜாக்கெட் கிடந்த இடத்தைப் பார்த்தாள். காணோம்.

“அப்பவே போயிருப்பார். கோபம் வந்தா முதல் ஆளா போய்ப் படுத்துக்குவார்.”

படகு கிளம்பியது. படகை ஓட்டுவதில் கேப்டனும் குளித்து உடை மாற்றுவதில் தம்பியும் முனைப்பாக இருந்தார்கள். அவள் மேல்தளத்தில் காற்று வாங்கினாள். தம்பி டீ கொண்டு வந்தபோது, “மாமாவைக் கூப்பிடட்டா?” என்றான்.

“வேண்டாம். ரோஷம் இறங்கினா தானா வருவார்.”

இன்னொரு தீவும் பின்னால் போனது. வீம்பு பிடித்தது போதும் என்று ஒரு கோப்பையோடு கீழே இறங்கி, அறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. திறந்தாள்.

படுக்கையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. காலையில் அவள் மடித்து வைத்த போர்வை அப்படியே இருந்தது. குளியலறை காலி. கோப்பையோடு அப்படியே மேல்தளத்துக்கு ஓடினாள்.

“டேய், மாமா உன்கூடத்தானே வந்தார்?”

“இல்லையேக்கா. உன்கூட வரார்னு நினைச்சேன்.”

“ஜாக்கெட் அங்க இல்லையேடா!”

“நான்தான் சாமானோட எடுத்துட்டு வந்தேன்.”

தளத்தின் மூலையில் ஈரத் துண்டுகளுக்கு அடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அவள் கையிலிருந்த கோப்பை எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது; காலில் சூடு பட்டதுகூட உறைக்கவில்லை.

கேப்டன் ஒரு நொடியும் தாமதிக்காமல் சக்கரத்தைத் திருப்பினார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“நானே எண்ணிப் பார்த்திருக்கணும்மா. தண்ணி ஏறினா அந்தத் திட்டு முழுசா முங்கிடும்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. ‘மானம் போகுது’ என்று சொன்ன தன் குரல் மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

திட்டு இருந்த இடத்துக்கு வந்தார்கள். திட்டு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். தம்பி “மாமா! மாமா!” என்று தொண்டை கிழியக் கத்தினான்.

கேப்டன்தான் முதலில் பார்த்தார். கடல் நடுவே கம்பு நட்டதுபோல ஏதோ ஒன்று நின்றது. மார்பளவுத் தண்ணீரில், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, அசையாமல் ஒரு மனிதர். எந்தப் பக்கம் அடியெடுத்து வைத்தாலும் ஆழம் என்பதால், மேட்டின் உச்சியிலேயே நின்றிருந்தார்.

ரப்பர் போட்டில் அவளும் குதித்தாள். கேப்டனும் அவளுமாக அவரைத் தூக்கிப் போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. துண்டால் போர்த்தி, “ஒண்ணும் இல்ல, வந்துட்டேன், ஒண்ணும் இல்ல” என்று அவர் முதுகைத் தேய்த்தபடியே இருந்தாள்.

அவர் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“தம்பிக்குத் தெரியுமா?”

“என்ன தெரியுமா?”

“நீ வேணும்னே விட்டுட்டுப் போனது.”

அவள் கை நின்றது.

“மேட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணசந்துட்டேன். போட் சத்தம் கேட்டு ஓடி வந்து கையாட்டினேன். நீ திரும்பிப் பார்த்த. பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்ட.”

ஆம், திரும்பிப் பார்த்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. வெள்ளை மணலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான். அவ்வளவுதானே?

“சத்தியமா எனக்குக் கண்ணு கூசிச்சு. ஒண்ணுமே தெரியலங்க.”

“தண்ணி இடுப்புக்கு வந்தப்பவே உன்னை மன்னிச்சுட்டேன்” என்றார் அவர், எந்தக் கோபமும் இல்லாமல். “நான் படுத்தற பாட்டுக்கு யாரா இருந்தாலும் இதைத்தான் செய்வாங்கன்னு தோணுச்சு.”

இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய மனிதர், அவள் தன்னைச் சாக விட்டுவிட்டுப் போவாள் என்று நம்பியிருக்கிறார். நம்பியது மட்டுமல்ல, அது நியாயம் என்றும் நினைத்திருக்கிறார்.

“எனக்கு நிஜமாவே தெரியலங்க” என்றாள் மறுபடியும்.

“சரி” என்றார்.

கடையில் வாடிக்கையாளர் வந்து நிறம் மாறிவிட்டது என்று சண்டை போட்டால், நம்பாமலும் மறுக்காமலும் அவர் சொல்லும் அதே ‘சரி’.

கேப்டன் போட்டைப் படகின் அருகே கொண்டுபோய் நிறுத்தினார். தம்பி மேலிருந்து அழுதுகொண்டே கை நீட்டினான். கடைக்காரர் அதைப் பற்றிக்கொண்டு ஏறினார். அவள் பின்னால் ஏறாமல் போட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். “வாங்கம்மா” என்று கேப்டன் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.