கடைசி நான்கு விரல்

போர்வையைக்கூடத் தைத்துவிடலாம். அதற்கு ஓரப்பட்டி கட்டுவதுதான் கழுத்தறுப்பு வேலை. அக்கா அதை மட்டும் சின்னவள் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகளின் பழைய கவுன்களை வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள் அக்கா. ஓரம் கட்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இரண்டு மாதமாகிறது. இன்று மாலை வண்டியில் மகள் தூரத்து வேலைக்குக் கிளம்புகிறாள். போர்வை அவளோடு போயாக வேண்டும். சின்னவள் மெத்தை உறை தைத்துப் பிழைப்பவள். கழுத்தறுப்பானாலும் இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

குறுக்கு வாட்டில் வெட்டிய பட்டியை இரண்டாக மடித்து, முன்பக்கம் மிஷினில் ஓட்டினாள். மூலைக்கு மூலை சாய்வாக மடித்துத் திருப்பி, பட்டியின் இரு முனைகளையும் இணைத்தாள். பிறகு பின்பக்கம் மடக்கி, வெளியே தெரியாத கைத்தையல் போட்டு, முடிச்சும் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தால், முனைகள் சேர்ந்த இடத்தில் நான்கு விரல் அகலத்துக்குக் கைத்தையல் பிரிந்திருந்தது. நூல் அறுபடவில்லை. யாரோ பொறுமையாக ஒவ்வொன்றாக உருவி விட்டிருந்தார்கள்.

"ஏண்டி, போர்வையைத் தொட்டியா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"பெட்டியையே இன்னும் மூட முடியல சித்தி. நான் எங்க வந்து தொட?" என்றாள் அக்கா மகள்.

மறுபடி தைத்தாள். இரட்டை நூல், மூன்று முடிச்சு. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். அதே நான்கு விரல்.

அக்காவுக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. தங்கை எதைத் தைத்தாலும் கடைசி நான்கு விரலைப் பிரித்து, தன் இடது கையால் தானே தைத்து முடிப்பாள். அந்தத் தையல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். "நீ முடிச்சா அவிழ்ந்துடும்டி" என்பாள். அதற்காகவே இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

சின்னவள் ஊசியில் நூல் கோத்துப் பிரிந்த இடத்துக்கு இடது பக்கமாகக் குத்தி வைத்தாள். "இந்தா, நீயே முடி. செத்தும் அடங்க மாட்டியே!" என்றாள். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இரண்டு மாதம் கழித்து அக்காவோடு சண்டை போட்டதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

உள்ளே போனபோது ஊசி குத்திய இடத்திலேயே இருந்தது. ஓரமும் திறந்தே கிடந்தது. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. "ஓரம் இன்னும் முடிக்கலடி" என்றாள் சின்னவள்.

"பரவாயில்ல, அப்படியே குடு சித்தி" என்று அக்கா மகள் போர்வையைச் சுருட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவளிடமிருந்து போன் வந்தது. "சித்தி, முடிக்கலன்னு சொன்னியே? முழுசா தெச்சிருக்கே. ஊசி மட்டும் ஓரத்துல அப்படியே குத்தியிருக்கு."

"அந்தத் தையல் எந்தப் பக்கம் சாயுது, பாரு" என்றாள் சின்னவள்.

"இரு... மத்த தையலுக்கு எதிர்ப்பக்கம். ஏன் சித்தி?"

"ஒண்ணுமில்ல. பத்திரமா போத்திக்கோ."

போனை வைத்துவிட்டு ஒரு மெத்தை உறையை எடுத்துத் தைத்தாள். முடிச்சுப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, வேண்டுமென்றே முகம் கழுவப் போனாள். வேண்டுமென்றே நேரமாக்கினாள்.

வந்து பார்த்தாள். ஒரு தையல்கூடப் பிரிந்திருக்கவில்லை. "மக கூடப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே அக்கா" என்று உறையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள்.